ரேடார் தருவது நேரம்: 1942 திருகோணமலையைக் கட்டத்தாளில் ஆடிப் பார்ப்போம்

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நிலவரைபட நூலையும் அடிக்கோலையும் கொடுத்து, நாச்சியாபுரத்துக்கு எது பக்கம், சென்னையா திருகோணமலையா என்று கேளுங்கள். எல்லாக் கையும் சென்னைக்கே உயரும். அளந்து பார்த்த பிறகு வகுப்பில் சலசலப்பு கிளம்பும். நேர்கோட்டில் சென்னை சுமார் 370 கி.மீ. திருகோணமலையோ சுமார் 320 கி.மீ.தான். கொழும்பு ஏறக்குறைய சென்னை அளவுக்குத் தள்ளியிருக்கிறது. நடுவில் கடல் கிடப்பதால் இன்றைய பிள்ளைகளுக்கு அது வேறு உலகம். இந்த ஊரின் முன்னோருக்கு அப்படி இல்லை. கொழும்புச் செட்டியார் தெருவுக்கும் ரங்கூனுக்கும் கொண்டுவிக்கப் போனவர்களின் வட்டாரம் இது. 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நகரத்தார் கைக்கு வந்திருந்தது. 1942 மார்ச் 8 அன்று ரங்கூன் ஜப்பானியர் வசமானபோது பர்மாத் தேக்குத் தூண் நிறுத்திய வீடுகளில் எல்லாம் அந்தச் செய்தி இறங்கியது. செட்டிநாட்டுக்குப் பக்கத்தில் புதர் மண்டிக் கிடக்கும் பழைய விமான ஓடுதளமும் அந்தப் போர்க்காலத்தின் மிச்சம்தான்.

அதற்கு அடுத்த மாதம், ஏப்ரலில், நமக்கு 320 கி.மீ. தொலைவில் விடிந்த ஒரு காலையையும் 370 கி.மீ. தொலைவில் விடிந்த இன்னொரு காலையையும் வைத்து இந்தப் பாடம் அமைந்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு கணக்கில் ஆயத்தொலை வடிவியல், அறிவியலில் எதிரொலியும் சோனாரும், பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் இரண்டாம் உலகப்போர் ஆகிய மூன்று இடங்களிலும் இதைப் பொருத்தலாம். மூன்று பாடவேளை போதும். செலவு என்று பார்த்தால் கட்டத்தாளும் கொஞ்சம் புளியங்கொட்டையும்தான்.

பசிபிக் போரைக் களமாக வைத்த போர்த்தந்திர விளையாட்டுகள் கணினியிலும் கைபேசியிலும் நிறைய உள்ளன. மாணவர்களில் சிலர் அவற்றை ஆடியிருப்பார்கள். அவர்களிடம் ரேடார் என்றால் என்ன என்று கேட்டால் ‘ரேடார் வைத்த கப்பலுக்குக் கூடுதல் பலம்’ என்பார்கள். தவறில்லை. நூற்றுக்கணக்கான கப்பல்களை ஒரு திரைக்குள் அடக்க வேண்டிய விளையாட்டு வடிவமைப்பாளர் ரேடாரை ஒரு கூட்டல் எண்ணாகச் சுருக்கித்தான் ஆக வேண்டும். இரவுப் போரா, ரேடார் உண்டா, அப்படியானால் முதல் குண்டு உனக்கு. ஆனால் அந்தக் கூட்டல் எண்ணுக்குள் என்ன அடைந்து கிடக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் வகுப்பறையில் நமக்கு வேலை. ரேடார் குண்டு போடுவதில்லை, கப்பலைக் காப்பதும் இல்லை. அது தருவது சில நிமிடங்கள். அந்த நிமிடங்களை யார் என்ன செய்தார்கள் என்பதில்தான் வெற்றியும் தோல்வியும் இருந்தன.

முதலில் கண்ணிலிருந்து தொடங்குவோம். குன்றக்குடி மலை ஏறிய பிள்ளைகளுக்கு உயரம் கூடக் கூடத் தொலைவில் உள்ளது தெரியும் என்பது அனுபவம். அதைப் பிதாகரஸ் தேற்றத்தில் எழுதச் சொல்லுங்கள். புவியின் மையம், பார்ப்பவரின் கண், தொடுவானப் புள்ளி ஆகிய மூன்றையும் இணைத்தால் செங்கோண முக்கோணம். புவியின் ஆரம் 6,371 கி.மீ. கப்பலின் கொடிமரத்தில் 25 மீட்டர் உயரத்தில் ஒருவர் நிற்கிறார். 2 × 6371 × 0.025 என்பதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 17.8. ஆக அவருக்குத் தொடுவானம் சுமார் 18 கி.மீ.தான். அதற்கு அப்பால் உள்ள கப்பலின் அடிப்பகுதி கடலின் வளைவுக்குக் கீழே போய்விடும். வானத்தில் வரும் விமானத்துக்கு இந்தத் தடை இல்லை என்றாலும், நல்ல வெயிலில் நல்ல தொலைநோக்கியோடு 20 கி.மீ.யில் அதைக் கண்டுவிட்டால் அது பெரிய விஷயம்.

எம்டன் கதையை இங்கே சொல்லலாம். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் சென்னைக் கடற்கரைக்கு அருகே வந்து சுமார் 130 குண்டுகளை வீசியது. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. சிறிது நேரத்தில் கப்பல் இருட்டில் மறைந்துவிட்டது. தனக்கு இருந்த மூன்று புகைபோக்கிகளோடு நான்காவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்றை மாட்டிப் பிரிட்டிஷ் கப்பல்போலத் திரிந்த கப்பல் அது. கண்ணை மட்டும் நம்பிய காலத்தில் ஒரு பொய்ப் புகைபோக்கியே போதுமான மாறுவேடம். ‘அவன் எம்டன்’ என்று இன்றும் பேச்சில் சொல்கிறோமே, அந்தச் சொல் வந்த வழி பல மாணவர்களுக்குத் தெரியாது.

அடுத்து எதிரொலி. ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். ரேடியோ அலை நொடிக்கு 3 லட்சம் கி.மீ. போகும். போய்த் திரும்பும் நேரத்தில் பாதிதான் ஒருவழித் தொலைவு என்ற விதி இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே ரேடாரில் ஒரு மைக்ரோ நொடி என்பது 150 மீட்டர். 150 கி.மீ. தொலைவில் உள்ள விமானத்தின் எதிரொலி நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் வந்துவிடும். சோனார் கணக்குகளைப் போட்டுப் பழகிய மாணவர்களுக்கு இது கடினமே இல்லை. எண்ணில் உள்ள சுழிகளை மட்டும் கவனமாக எண்ணச் சொன்னால் போதும். புயல் நாட்களில் செய்தியில் காட்டும் சென்னை, காரைக்கால் வானிலை ரேடார் படங்களும் இதே கணக்கில்தான் வருகின்றன.

இப்போது வரலாறு. 1942 ஏப்ரலில் ஜப்பானிய அட்மிரல் நகுமோ ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு இந்தியப் பெருங்கடலுக்கு வந்தார். அகாகி, சோர்யு, ஹிர்யு, ஷொகாகு, சுய்காகு என்பவை அவை. அவருடைய கப்பல்களில் ரேடார் கிடையாது. ஏப்ரல் 4 அன்று கனடா விமானப்படையின் கட்டலினா விமானம் ஒன்று இலங்கைக்குத் தென்கிழக்கே அந்தக் கப்பற்படையைக் கண்டது. விமானி லியோனார்ட் பர்ச்சால். செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அவர் உயிர் பிழைத்து, போர் முடியும்வரை ஜப்பானில் கைதியாக இருந்தார். அந்த ஒரு செய்தியால் கொழும்புத் துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் இரவோடு இரவாக வெளியேற முடிந்தது.

மறுநாள் ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. தாக்குதல் வரும் என்று கொழும்பு எதிர்பார்த்திருந்தது. ரேடார் நிலையமும் இருந்தது. ஆனால் 120க்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் தலைக்கு மேல் வரும்வரை இரத்மலானை விமானத்தளத்துக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. ஹரிகேன் போர் விமானங்கள் எதிரியின் கண் முன்னே தரையிலிருந்து எழும்ப வேண்டியதாயிற்று. அன்று பிற்பகலில் இலங்கைக்குத் தென்மேற்கே டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரு போர்க்கப்பல்கள் மூழ்கின. 424 பேர் இறந்தனர்.

நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9. திருகோணமலையில் இருந்த ரேடார் நிலையம் சுமார் 90 மைல் தொலைவிலேயே விமானங்களைக் கண்டுவிட்டது. அங்கே சீனக்குடாத் தளத்து ஹரிகேன்கள் தாக்குதல் வருமுன்பே வானில் இருந்தன. துறைமுகம் தப்பிவிட்டதா என்றால் இல்லை. சேதம் கடுமையானதுதான், ஹரிகேன்களிலும் பல விழுந்தன. முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டுக் கிளம்பியிருந்த ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல், ஒரு போர் விமானம்கூட இல்லாமல் மட்டக்களப்புக்கு அருகே சிக்கி மூழ்கியது. அதில் 307 பேர் இறந்தனர். அதன் சிதைவு இன்றும் அந்தக் கடலடியில் கிடக்கிறது.

அதே நாளில் மறுபக்கமும் நடந்தது. கொழும்பிலிருந்து கிளம்பிய ஒன்பது பிளெனம் குண்டுவீச்சு விமானங்கள் நகுமோவின் கப்பல்களைத் தேடிப் போயின. அகாகியைச் சுற்றிக் குண்டுகள் விழுந்து தண்ணீர் எழும்பியபோதுதான் அந்தக் கப்பலில் இருந்தவர்களுக்கே விஷயம் தெரிந்தது. ஒரு குண்டும் படவில்லை. திரும்பியவை நான்கு விமானங்கள்தாம். குண்டு படாததால் அது சின்னச் செய்தியாகப் போய்விட்டது. எனக்கோ அந்த வாரத்தின் மிகப் பெரிய செய்தி அதுதான். ரேடார் இல்லாத விமானந்தாங்கிக் கப்பலை இப்படி நெருங்கிவிடலாம் என்று ஏப்ரலிலேயே தெரிந்துவிட்டது. ஜூன் 4 அன்று மிட்வேயில் அகாகி, ககா, சோர்யு மூன்றும் சில நிமிடங்களில் தீப்பிடித்தன, மாலையில் ஹிர்யுவும். அங்கும் அவற்றில் ரேடார் இல்லை. மேகத்துக்கு மேலிருந்து இறங்கிய விமானங்களைக் கண்ணால் கண்டபோது நேரம் கடந்திருந்தது.

இனி ஆட்டம். 20 × 20 கட்டத்தாள் இரண்டு, நடுவில் ஒரு பழைய அட்டை அல்லது விரிப்பு மறைப்பாக. ஒரு கட்டம் 10 கி.மீ., ஒரு முறை என்பது 2 நிமிடம். விமானம் மணிக்கு 300 கி.மீ. போகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு முறைக்கு ஒரு கட்டம் நகரும். திருகோணமலையை (2, 10) என்ற புள்ளியில் குறியுங்கள். தாக்கும் அணி கிழக்கு ஓரத்தில் விரும்பிய இடத்தில் நுழையலாம். ஒவ்வொரு முறையும் மேற்கே ஒரு கட்டம், விரும்பினால் மேலோ கீழோ ஒன்று விலகலாம். நடுவராக ஒரு மாணவர் இரண்டு தாளையும் பார்க்கலாம், வேறு யாருக்கும் அனுமதி இல்லை.

காக்கும் அணிக்கு முதல் ஆட்டத்தில் கண் மட்டும். இரண்டு கட்டத் தொலைவுக்குள் வந்தால்தான் நடுவர் ‘தெரிகிறது’ என்பார். ஹரிகேன் எழும்பி 6,000 மீட்டர் உயரம் ஏற ஏறக்குறைய 8, 9 நிமிடம் ஆகும். எழும்பும் பரபரப்பையும் சேர்த்து 5 முறை என்று வையுங்கள். கையில் இருப்பது 2, தேவையோ 5. முதல் ஆட்டம் சட்டென்று முடிந்துவிடும். அப்படி முடிய வேண்டும். ‘இதில் நாங்கள் ஜெயிக்கவே முடியாதே’ என்று காக்கும் அணி புலம்பும்போது, ‘ஆமாம், என்ன வேண்டும் உங்களுக்கு?’ என்று கேளுங்கள். எங்கள் வகுப்பில் முதலில் வந்த பதில் ‘நிறைய விமானம்’ என்பது. விமானத்தை இரட்டிப்பாக்கிக் கொடுத்தோம். எல்லாமே தரையில் நின்று அடிவாங்கின. அதற்குப் பிறகுதான் ஒரு மாணவி ‘நேரம் வேண்டும்’ என்றாள்.

இரண்டாம் ஆட்டத்தில் ரேடார் வருகிறது. எல்லை 14 கட்டம், அதாவது திருகோணமலைக்குக் கிடைத்த 90 மைலுக்குச் சமமாக ஏறத்தாழ 140 கி.மீ. ஒவ்வொரு முறையும் நடுவர் தொலைவு வாய்ப்பாட்டால் கணக்கிட்டு உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விமானக் கூட்டம் (14, 15) இல் இருந்தால் வேறுபாடு 12, 5. தொலைவு 13. தெரியும். (17, 6) இல் இருந்தால் 15, 4. தொலைவு 15.5. தெரியாது. தேற்றத்தை ஒரு பாடவேளைக்குள் இருபது முறை பயன்படுத்திவிடுவார்கள், அலுப்பு என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

ரேடாரும் எப்போதும் காண்பதில்லை. ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை மூன்றை உருட்டச் சொல்லுங்கள். மூன்றும் கறுப்பாக விழுந்தால் அந்த முறை எதிரொலி வரவில்லை. வெள்ளைக்கும் கறுப்புக்கும் சம வாய்ப்பு என்று கொண்டால் நிகழ்தகவு எட்டில் ஒன்று. தேய்த்த கொட்டை உண்மையில் சம வாய்ப்புடன் விழுகிறதா என்று நூறு முறை உருட்டிப் பார்க்கலாம், ஆனால் அது வேறொரு நாளுக்கான பாடம்.

இப்போது கணக்குப் போடுங்கள். 14 கட்டத்தில் கண்டால் 14 முறை இருக்கிறது. எழும்ப 5. மீதி 9 முறை, 18 நிமிடம். ஆட்டத்தின் உயிர் இந்த 9இல்தான் இருக்கிறது. ரேடாரைக் கண்ணைவிடப் பெரிதாக்குவது இந்த 9தான். கொழும்பையும் திருகோணமலையையும் பிரித்ததும் இந்த 9தான்.

அந்த 9 முறையைச் செலவழிக்க மூன்று மாணவர்களை வரிசையாக உட்கார வையுங்கள். முதல்வர் ரேடார் நிலையம், அடுத்தவர் செயற்பாட்டு அறை, மூன்றாமவர் விமானத்தளம். ரேடார் நிலையத்துக்கு நடுவர் ஆயத்தொலைவைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பார். அவர் நகலெடுத்து அடுத்தவருக்கு, அவர் தன் தாளில் குறித்து மூன்றாமவருக்கு. வாயால் பேசக் கூடாது. ஒரு கைமாற்றத்துக்கு ஒரு முறை. செயற்பாட்டு அறைக்காரருக்கு இன்னொரு வேலையும் உண்டு. நடுவர் இடையிடையே நம்முடைய விமானங்களின் சீட்டுகளையும் கலந்து கொடுப்பார். எது நம்மவர், எது வேற்றவர் என்று அவர் பிரிக்க வேண்டும்.

இந்த விதி கற்பனை இல்லை. 1941 டிசம்பர் 7 காலை ஹவாயின் ஒபானா ரேடார் நிலையத்தில் இருந்த இரண்டு படைவீரர்கள் 200 கி.மீ.க்கும் அப்பால் பெரிய விமானக் கூட்டத்தைக் கண்டார்கள். தொலைபேசியில் சொல்லவும் செய்தார்கள். அந்த நேரத்தில் அமெரிக்க விமானங்கள் சில வர வேண்டியிருந்ததால், கேட்ட அதிகாரி அவையாக இருக்கும் என்று எண்ணிக் கவலைப்பட வேண்டாம் என்றுவிட்டார். முக்கால் மணி நேரம் கையில் இருந்தும் பேர்ல் துறைமுகம் தூக்கத்தில் இருந்தது. ரேடார் அன்று தன் வேலையைக் குறைவில்லாமல் செய்தது.

துண்டுச்சீட்டில் நடக்கும் வேடிக்கை கணக்கு ஆசிரியருக்குத் தெரிந்ததுதான். (15, 6) என்பதை (6, 15) என்று எழுதிவிடுவார்கள். இரண்டு புள்ளிக்கும் இடையே தொலைவு 9√2, அதாவது 12.7 கட்டம். ஹரிகேன்கள் எதிரியிடமிருந்து 127 கி.மீ. தள்ளி வெறும் வானத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். வரிசைச் சோடியில் வரிசை ஏன் முக்கியம் என்று கரும்பலகையில் எத்தனையோ முறை சொல்லியிருப்போம். சிவப்பு மையில் வட்டம் போட்டு மதிப்பெண் குறைப்பதைவிட, தன் சீட்டால் தன் அணி தோற்றதைப் பார்ப்பது ஆழமாக இறங்குகிறது. ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. தவறாக எழுதிய பிள்ளையை அணி வறுத்தெடுத்துவிடும். சீட்டு எழுதுபவரை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மாற்றிவிடுங்கள். எல்லோரும் ஒருமுறை மாற்றி எழுதிய பிறகு யாரும் யாரையும் சொல்ல மாட்டார்கள். அடுத்த ஆட்டத்தில் சீட்டைத் திருப்பி வாசித்துச் சரிபார்க்க ஒரு முறையைச் செலவிடலாமா என்று அவர்களே விவாதிப்பார்கள். சரிபார்ப்புக்கு நேரம் செலவாகும், சரிபார்க்காவிட்டால் எல்லாம் செலவாகும். விடையை நீங்கள் சொல்ல வேண்டாம்.

கூர்மையான மாணவர்கள் தாக்கும் அணியில் அமர்ந்தால் இன்னொரு கேள்வி வரும்: ‘தாழ்வாகப் பறந்து வரலாமா?’ வரலாம். ரேடியோ அலை கண்ணைவிடச் சற்றே வளைந்து செல்லும். மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் ரேடாரின் தொடுவானம் கி.மீ.யில் வரும். 3,000 மீட்டர் உயரத்தில் வருபவருக்கு அது சுமார் 225 கி.மீ. 100 மீட்டரில் வருபவருக்கு வெறும் 41. இரண்டுக்கும் ஆன்டெனாவின் தொடுவானத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆன்டெனா 25 மீட்டர் உயரத்தில் இருந்தால் அது 20 கி.மீ.யை ஒட்டி வரும். தாழ்ந்து வருபவருக்கு 6 கட்ட எல்லை என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். பதிலுக்கு எரிபொருள் கூடுதலாகச் செலவாகும் என்று அவர்கள் நகர்வில் இரண்டைக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லோரும் தாழ்ந்தே வருவார்கள்.

மூன்றாம் பாடவேளை இரவுக்கு. இதற்குக் களம் பசிபிக்கில் குவாடல்கனால் தீவுப் பக்கம். 1942 ஆகஸ்ட் 9 பின்னிரவில் சாவோ தீவருகே அமெரிக்க நாசகாரிக் கப்பல்கள் இரண்டு ரேடாரோடு காவல் நின்றன. ஜப்பானிய அட்மிரல் மிகாவாவின் கப்பல்கள் ரேடார் இல்லாமல், பழகிய கண்களோடு அவற்றைத் தாண்டி உள்ளே போயின. நேச நாடுகளின் நான்கு பெரிய போர்க்கப்பல்கள் மூழ்கின, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரேடார் இருந்த பக்கம் தோற்றது. ஒரு காரணம் நிலம். அன்றைய ரேடாரின் அலைநீளம் ஒன்றரை மீட்டர் அளவு. அலைநீளம் கூடினால் கற்றை அகலும். கற்றை அகன்றால் தீவின் எதிரொலியும் அதன் ஓரம் ஒட்டிய கப்பலின் எதிரொலியும் ஒன்றாகக் குழம்பும். கட்டத்தாளில் தீவு ஒன்றை வரைந்து, அதை ஒட்டிய கட்டங்களில் உள்ள கப்பல் ரேடாருக்குத் தெரியாது, தீவுக்குப் பின்னால் இருப்பதும் தெரியாது என்று விதி செய்யுங்கள். தாக்கும் அணி இரண்டே முறையில் கரையோரமாக ஊரக் கற்றுக்கொள்ளும்.

10 செ.மீ. அலைநீளத்தில் இயங்கிய புதிய ரேடார் இந்தக் குழப்பத்தைப் பெரிதும் குறைத்தது. 1940இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டலும் பூட்டும் செய்த மேக்னட்ரான் குழலே அதன் இதயம். இன்று சமையலறை மைக்ரோவேவ் அடுப்புக்குள் இருப்பது அதன் வழிவந்ததுதான். ஆனால் புதிய கருவியும் செய்தி வழியைச் சரிசெய்யவில்லை. அக்டோபர் 11 இரவு எஸ்பெரன்ஸ் முனைப் போரில் புதிய ரேடார் இருந்தது ஹெலினா என்ற கப்பலில். தளபதி ஸ்காட் இருந்ததோ வேறு கப்பலில். ஹெலினா சுமார் 25 கி.மீ. அப்பாலேயே எதிரியைக் கண்டது. தளபதிக்குச் செய்தி போய்ச் சேரக் கால் மணி நேரம் ஆனது. அன்று அமெரிக்கர் வென்றாலும், டங்கன் என்ற அவர்களின் நாசகாரிக் கப்பல் இரு தரப்புக் குண்டுகளும் பட்டு மூழ்கியது.

இதை ஆட எளிய வழி உண்டு. ரேடார் சீட்டைத் தலைவரிடம் தராமல் கடைசி வரிசையில் உள்ள ஒருவரிடம் கொடுங்கள். அவர் தலைவருக்கு ஒரு முறைக்கு ஐந்து சொற்கள் மட்டுமே எழுதி அனுப்பலாம். ஆட்டம் முடிந்ததும் அந்தக் கடைசி வரிசைப் பிள்ளையைப் பேசவிடுங்கள். எங்கள் வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மாணவன், ‘எனக்கு எல்லாம் தெரிந்தது, சொல்லத்தான் வழி இல்லை’ என்றான். அமெரிக்கக் கப்பற்படை கண்டதும் அதையேதான். ரேடார், வானொலி, வரைபடம் எல்லாவற்றையும் ஒரே அறையில் கூட்டி, அங்கிருந்து தளபதியிடம் ஒரே குரலில் செய்தி போகும் ஏற்பாட்டை அந்த ஆண்டின் முடிவில் அவர்கள் எல்லாக் கப்பல்களிலும் கொண்டுவரத் தொடங்கினார்கள். 1944 அக்டோபர் 25 பின்னிரவில் சுரிகாவோ நீரிணையில் ஆறு பழைய போர்க்கப்பல்கள் வரிசையில் நின்றன. புதிய குறிபார்க்கும் ரேடார் இருந்த மூன்று கப்பல்கள் இருட்டில் 20 கி.மீ. தொலைவிலிருந்து சுட்டன. பழைய ரேடார் கொண்ட பென்சில்வேனியா ஒரு குண்டும் சுடாமல் நின்றது. விளையாட்டில் சொல்லும் ‘கூடுதல் பலம்’ அப்போதுதான் உண்மையில் கூடுதல் பலம் ஆனது.

இடையில் ஒரு செய்தி, மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியர் கையில் பிரிட்டிஷ் ரேடார் குறிப்பேடு ஒன்று சிக்கியது. அதில் ‘யாகி’ என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. பொருள் புரியாமல் பிரிட்டிஷ் கைதி ஒருவரிடம் கேட்டார்கள். அது உங்கள் ஊர்ப் பேராசிரியர் பெயர், அந்த ஆன்டெனாவைக் கண்டவர் என்றார் அவர். இது ரேடார் வரலாற்றில் பலரும் சொல்வது. யாகியும் உடாவும் 1926இல் ஜப்பானில் வெளியிட்ட ஆன்டெனா அது. தூர்தர்ஷன் பார்த்த காலத்தில் நம் மொட்டை மாடிகளில் எல்லாம் மீன்முள்போல நின்றதே, அதேதான். இன்னும் கழற்றாமல் நிற்கும் வீடுகள் உண்டு. பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டலாம்.

ஆட்டம் சூடுபிடித்ததும் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: ‘சார், இதில் நாம் எந்தப் பக்கம்?’ இந்தக் கேள்வி வராவிட்டால் நீங்களே கேளுங்கள். குண்டு போட வந்தவர் ஜப்பானியர். காத்து நின்றவர் நம்மை ஆண்ட பிரிட்டிஷார். அதே வாரத்தில் கிரிப்ஸ் டில்லியில் இந்தியத் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். மலேயாவில் இருந்த தமிழர் பலர் பின்னர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். பர்மாவிலிருந்து நம்மவர் பல்லாயிரம் பேர் காட்டு வழியே நடந்து வந்துகொண்டிருந்தனர். ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்த நாட்களில் ஜப்பானியர் வருகிறார்கள் என்ற செய்தியில் சென்னையே காலியானது, அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு இடம்பெயர்ந்தன. அப்படி ஒரு படை சென்னையை நோக்கி வரவே இல்லை. இதுவும் ஆட்டத்தோடு சேர வேண்டிய செய்திதான். தவறான சீட்டு ஹரிகேன்களை மட்டும் அலையவிடுவதில்லை, ஒரு நகரத்தையே மூட்டை கட்ட வைக்கிறது.

எந்தப் பக்கம் என்பதற்கு நான் பதில் சொல்வதில்லை. மாணவர்கள் வீட்டில் கேட்டு வரட்டும். கொள்ளுத்தாத்தா பர்மாவில் இருந்த வீடுகளில் பதில் ஒரு விதமாக இருக்கும், அவருடைய பெட்டியைத் தூக்கிப் போன வீடுகளில் வேறு விதமாக இருக்கும். மூழ்கிய கப்பலை அழிப்பானால் அழித்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போகும் பழக்கம் வேண்டாம் என்பது மட்டும் என் வகுப்பு விதி. கட்டத்துக்குள் எண்ணை எழுதிவிட்டுத்தான் அடுத்த தாள். டார்செட்ஷயர், கார்ன்வால் இரண்டுக்கும் சேர்த்து 424. ஹெர்மிஸ் 307. மிட்வேயில் நான்கு ஜப்பானியக் கப்பல்களில் மாண்டவர்களுக்கும் ஓர் இடம் விட்டு வையுங்கள்.

ஆட்டத்தாள்களைப் பழைய தாளோடு போட்டுவிடாதீர்கள். பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் வரும்போது மறுபடியும் தேவைப்படும். சாய்தொலைவு 60 கி.மீ., ஏற்றக்கோணம் 3 பாகை என்றால் விமானம் எவ்வளவு உயரத்தில் வருகிறது என்று கேட்கலாம். சைன் அட்டவணையில் 3 பாகைக்கு 0.0523. விடை ஏறத்தாழ 3.1 கி.மீ. ஹரிகேன் அதற்கு மேலே ஏற எத்தனை முறை வேண்டும் என்பதைப் பழைய தாளைப் பார்த்து அவர்களே சொல்வார்கள்.